பிறந்தநாளும் நினைவுநாளும் ஒரே வாரத்தில் வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒருவரை இழந்த பிறகு முதல் வருடத்தைக் கடப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. முதல் தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் மறுபடி எடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுங்கள், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய முடிவுகளை அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்றதெல்லாம் சரி. ஆனால் போனவருடைய பொருட்களைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், பிள்ளைகள் முன்னால் அவர் பேச்சை எடுக்காதீர்கள், முதல் வருடம் முடியும்வரை கொண்டாட்டங்களைத் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லி, இப்படி இருந்தால் துக்கத்தின் ஐந்து கட்டங்களும் சீக்கிரம் கடந்துபோகும் என்று முடித்திருந்தார். அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை.

என் அக்கா போன அக்டோபரில் இறந்துபோனாள். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்ததற்கும் கடைசி நாளுக்கும் நடுவில் ஒரு கோடைகாலம்தான் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தவள், எங்களோடேயே இருந்தாள். என் பிள்ளைகளுக்குப் பெரியம்மா என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி இல்லை. காலையில் சாக்ஸ் எங்கே என்று கேட்டால் பதில் சொல்கிற ஆள்.

இந்த வருடம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை எங்கள் வீட்டில் எல்லாம் ஒன்றாக வந்து குவிந்தன. சின்னவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அதே மாதம் முன்பல் விழுந்தது. பெரியவன் பள்ளிக்கூடத்து நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் ஓடினான். என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது நிறைந்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். இவற்றுக்கு நடுவில் அக்காவின் முதல் நினைவுநாளும் வந்தது, அதுவும் என் வீட்டுக்காரரின் பிறந்தநாள் வரும் அதே வாரத்தில். கட்டுரையாளர் சொன்னபடி எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டுமென்றால் பல்லை எப்படித் தள்ளிப்போடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த ஐந்து கட்டங்களைப் பற்றி. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்றுக்கொள்ளுதல் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கிய அந்தப் பட்டியல் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் வெளியிட்ட நூலில் வருவது. அவர் உட்கார்ந்து பேசியது, தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு. அவர்கள் மனத்தில் கண்டதைத்தான் எழுதினார். யாரையாவது இழந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்ன வரிசையில் இதையெல்லாம் தாண்டியாக வேண்டும் என்று அந்த நூல் சொல்ல வந்ததில்லை. பிற்பாடு எல்லோரும் எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கோபம் காலையில் வரும், மத்தியானம் சிரிப்பு வரும், ராத்திரி அழுகை வரும், மறுநாள் ஒன்றுமே வராது. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு ஆள் போட வேண்டும்.

போனவர்களிடமிருந்து மனத்தைப் பிரித்து எடுத்தால்தான் துக்கம் தீரும் என்ற எண்ணத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சிக்மண்ட் ஃபிராய்ட் 1917-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். இறந்தவர் மேல் வைத்த பாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுத்து வேறிடத்தில் வைப்பதே துக்கம் செய்கிற வேலை என்று. மூன்று வருடம் கழித்து, 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்துபோனாள். 1929-இல், தன் மகனை இழந்திருந்த லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற நண்பருக்கு ஃபிராய்ட் ஒரு கடிதம் எழுதினார். சோஃபி இருந்திருந்தால் அவளுக்கு முப்பத்தாறு வயது நிறைந்திருக்கும் என்பதையும் அதில் எழுதுகிறார். அந்த இடம் எதனாலும் நிரம்பாது, அப்படி நிரம்பாமல் இருப்பதுதான் சரி, அந்த அன்பைத் தொடர வேறு வழியில்லை என்பது அதன் சாரம். ஒன்பது வருடம் கழித்தும் மகளின் வயதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். கட்டுரையில் எழுதியதை அப்பனால் கடைப்பிடிக்க முடியவில்லை. எனக்கு அந்த ஃபிராய்டைத்தான் பிடித்திருக்கிறது.

இப்போது பள்ளிக்கூட விஷயம். இதை எழுதத்தான் கடிதமே ஆரம்பித்தேன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். சின்னவள் ஐந்து பேரை வரைந்திருக்கிறாள். அப்பா, அம்மா, அண்ணன், தான், கண்ணாடி போட்ட பெரியம்மா. ஆசிரியைக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும். சேர்க்கும்போது நானே சொல்லியிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, ‘இப்போது வீட்டில் இருப்பவர்களை மட்டும் வரையலாமே, கண்ணா’ என்று மென்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். இவளும் சொன்ன பேச்சைக் கேட்டு அழித்திருக்கிறாள். சாயந்திரம் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். ரப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் காகிதம் நைந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. கண்ணாடியின் ஒரு வட்டம் மட்டும் அழியாமல் இருந்தது. ‘கண்ணாடியை ரொம்ப அழுத்தி வரைஞ்சுட்டேன்மா, போகவே மாட்டேங்குது’ என்றாள். அழவில்லை. தப்பாகப் போட்ட கணக்கைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள்.

மறுநாள் ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடவில்லை. அவர் பயந்தது, பிள்ளை வகுப்பில் அழுதுவிடுவாளோ என்று. மற்ற பிள்ளைகள் ஏதாவது கேட்டு, இவள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிடுவாளோ என்று. அழுதால் அழட்டும், கண்ணைத் துடைத்துவிட நீங்கள் இருக்கிறீர்கள் என்றேன். யாராவது கேட்டால் ‘இது எங்க பெரியம்மா, இறந்துட்டாங்க’ என்று அவளே சொல்வாள், அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புதுத் தாள் ஒன்று கொடுத்து அனுப்பினார். இப்போது வகுப்புச் சுவரில் இருப்பது ஐந்து பேர் இருக்கிற படம். இவ்வளவு சுலபமாகத் தீர்கிற விஷயம்தான். ஆனால் அந்த ஆசிரியை படித்தது உங்கள் பத்திரிகையில் வந்தது போன்ற யோசனைகளைத்தானே. பிள்ளைகள் முன்னால் பேச்சை எடுக்காதே என்று நாலு இடத்தில் எழுதினால் நல்லவர்களும் அதைத்தான் செய்வார்கள்.

இதில் என் பேச்சை நம்ப வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் ஃபில்லிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் என்ற இருவர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த, 6 முதல் 17 வயது வரையான 125 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள். இறந்தவரை மறந்து கடந்துபோவதாக அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. பலர் மனத்துக்குள் அவரோடு பேசினார்கள். கனவில் கண்டார்கள். அவருடைய ஏதோ ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார்கள். பிள்ளைகள் வளர வளர அந்த உறவும் கூடவே மாறிக்கொண்டு வந்தது. 1996-இல் சில்வர்மனும் டென்னிஸ் கிளாஸ், ஸ்டீவன் நிக்மன் என்ற இருவரும் சேர்ந்து, இறந்தவரோடு உறவு தொடர்வது நோயின் அறிகுறி அல்ல, சாதாரணமாக நடப்பதுதான் என்று ஒரு நூலே தொகுத்தார்கள். பொருட்களை ஒளித்து வைக்கச் சொல்வதற்கு முன் கட்டுரையாளர் இதையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

பேச்சை எடுக்காமல் இருப்பதைவிட மோசமானது, மாற்றிச் சொல்வது. அக்கா போன புதிதில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு ‘பெரியம்மா தூங்கிட்டாங்க’ என்றார்கள். இன்னொருவர் ‘தூரமா ஊருக்குப் போயிருக்காங்க’ என்றார். எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் ஒரு வாரம் போல ராத்திரியில் நான் கண்ணை மூடினால் இவள் வந்து இமையைப் பிரித்துப் பார்த்தாள். செத்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள், அவர்களுக்கு வலிக்காது, பசிக்காது, குளிராது, எல்லோருக்கும் ஒருநாள் இது உண்டு என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபட்டுவிடுகிறது. அதுவும் நேராகச் சொன்னால்தான் பிடிபடும். இறந்துவிட்டார் என்பதைத் தூக்கம் என்று சொன்னால் பிள்ளை தூக்கத்துக்குப் பயப்படும். ஊருக்குப் போனார் என்று சொன்னால் ஏன் சொல்லாமல் போனார் என்று கோபப்படும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, டாக்டர்களால் சரிசெய்ய முடியவில்லை, உன்னால் இது நடக்கவில்லை, உனக்கும் இது ஒட்டிக்கொள்ளாது என்று நாங்கள் சொன்னோம். கேட்டுவிட்டு, ‘அப்போ பெரியம்மாவோட கண்ணாடி யாருக்கு?’ என்றாள்.

கண்ணாடி இப்போது பெரியவனிடம் இருக்கிறது. அவன் எதற்கு வைத்திருக்கிறான் என்று நாங்கள் கேட்கவில்லை.

பெரியவனுக்குப் பதினான்கு வயது. அவனிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும். ஓட்டப் பந்தயத்துக்கு அவனைத் தயார் செய்தவள் அக்காதான். அவள் ஓட மாட்டாள். கையில் கடிகாரத்தோடு மைதானத்து ஓரம் நின்றுகொண்டு நோட்டில் நேரம் குறிப்பாள். போன வருடம் பந்தயத்தில் பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நடந்தே முடித்தான். இந்த வருடம் ஐந்து கிலோமீட்டரும் நடக்காமல் ஓடினான். எத்தனாவது இடம் என்று கேட்காதீர்கள், அவன் சொல்லவுமில்லை. வீட்டுக்கு வந்து குளிப்பதற்கு முன்னால், சேறு காயாத கையோடு அந்த நோட்டை எடுத்து, அக்கா கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே தேதியும் நேரமும் எழுதினான். அக்காவுக்கு நறுக்கென்ற சின்ன எழுத்து, இவனுக்குக் கோழிக் கிறுக்கல். அந்த நோட்டைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருந்தால் எங்கே போய் எழுதியிருப்பான்?

என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டியது அக்காதான். என் வீட்டுக்காரருக்குப் பார்வைக் குறை, லைசென்ஸ் கிடைக்காது. நான் அக்கா இருக்கிறாளே என்று கற்றுக்கொள்ளாமலேயே காலத்தை ஓட்டினேன். அவள் போன பிறகுதான், யார் செத்தால் எந்தெந்த வேலை சேர்ந்து செத்துப்போகிறது என்று தெரிந்தது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எப்போது கட்ட வேண்டும், கொதிகலனை யார் வந்து பார்ப்பார், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எல்லாம் அவள் தலையில் இருந்தது. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது எனக்கு இங்கேதான் புரிந்தது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் இருப்பார், இன்னொரு நேரம் மாறிப்போன வாழ்க்கையைச் சமாளிக்கிற வேலையின் பக்கம் இருப்பார், இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வருவதுதான் இயல்பு என்கிறார்கள். போனவர் செய்துவந்த வேலைகளைக் கற்றுக்கொள்வதும் அதில் ஒரு பகுதி. ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் சிக்கல். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே நிமிடத்தில் வந்ததுண்டு. பயிற்சி கொடுப்பவர் முதல் நாளே என்னை எங்கள் வண்டியில் உட்காரச் சொன்னார். அக்கா என்னைவிட நல்ல உயரம். கால் பெடலுக்கு எட்டவில்லை. ‘சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள் மேடம்’ என்றார். அந்த சீட்டை ஒருவரும் தொடவே இல்லை. அவள் கடைசியாக இறங்கியபோது எப்படி விட்டுப் போனாளோ அப்படியே இருந்தது. ‘மேடம்?’ என்றார் மறுபடி. இழுத்துக்கொண்டேன். ஓட்டிப் பழகினால்தானே பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போக முடியும், வேறென்ன செய்வது.

அப்புறம் பிறந்தநாள். ஐம்பதைக் கொண்டாடுவதா வேண்டாமா என்று உறவினர்களுக்குள் பெரிய வாதம். ‘இந்த வருஷம் வேண்டாமே, நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று போனிலேயே பாதிப் பேர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் வேண்டாம் என்றார். ஆனால் அவர் வேண்டாம் என்றது நாலு பேருக்காக இல்லை, மனசு வரவில்லை என்பதால். அது நியாயமான காரணம், அதை நான் மதிக்கிறேன். கடைசியில் முடிவு செய்தது சின்னவள். ‘அப்பாவுக்கு அம்பது வயசு ஒரு தடவைதானே வரும்?’ என்றாள்.

நெருங்கியவர்களை மட்டும் கூப்பிட்டோம். வந்தவர்கள் அக்கா இருந்த மூலையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு நாக்கில் சனி என்று எங்கள் அம்மாவே சொல்வாள். யாரையும் விடமாட்டாள். அதனால் பெரியவன் திடீரென்று, ‘பெரியம்மாகிட்ட வாங்கின பெரிய திட்டு எதுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க’ என்றான். ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் அலமாரி ஒன்றைப் பொருத்திவிட்டுப் பெருமையோடு காட்டியிருக்கிறார். அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, ‘நல்லாத்தான் இருக்கு, வீட்டைக் கொஞ்சம் சாய்ச்சுக் கட்டியிருந்தா சரியா இருந்திருக்கும்’ என்றாளாம். அதிலிருந்து சிரிப்பு நிற்கவில்லை. அவளிடம் படித்த ஒரு பெண், விடைத்தாளில் தவளை படம் வரைந்ததற்கு ‘இதற்கு முதலுதவி தேவை’ என்று சிவப்பு மையில் எழுதித் தந்ததைச் சொன்னாள். நான் வாங்கியது பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதற்காக. சிரித்துக்கொண்டே சிலர் அழுதார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். போகும்போது என் சித்தி, வேண்டாம் என்று போனில் சொன்னவர்களில் ஒருவர், ‘அவ பேரைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியாமத்தான்டி இத்தனை நாளா வராம இருந்தேன்’ என்றார். எங்கள் வீட்டுக்கு வராதவர்களில் எத்தனை பேர் இதே காரணத்துக்காக வராமல் இருந்தார்களோ.

நினைவுநாள் அதற்கு மூன்று நாள் தள்ளி வந்தது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே விட்டோம். அவர்கள் தேர்ந்தெடுத்தது இலை. ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் அக்கா பிள்ளைகளோடு செய்கிற ஒரு வேலை இருந்தது. இன்னும் பழுக்காத பச்சை இலைகளாகப் பறித்து, துண்டு துண்டாகக் கிழித்து, ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு நசுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை மூழ்கும்வரை ஊற்றுவாள். டம்ளரை மூடி வெந்நீர்க் கிண்ணத்தில் வைப்பாள். ஸ்பிரிட் பச்சையாக மாறியதும், காப்பி வடிகட்டும் தாளை நீளத் துண்டாக வெட்டி, நுனி மட்டும் அதில் படும்படி பென்சிலில் தொங்கவிடுவாள். பக்கத்தில் அடுப்போ தீயோ இருக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்கவும். ஒரு மணி நேரம் போல ஆகும். ஸ்பிரிட் தாளில் ஏற ஏற நிறங்கள் பிரியும். கீழே பச்சைக் கோடு நின்றுவிடும். அதற்கும் மேலே, இலையில் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாத மஞ்சள் ஒரு மெல்லிய கோடாக ஏறி நிற்கும்.

அந்த மஞ்சள் இலையுதிர் காலத்தில் புதிதாக வருவது இல்லை என்பதைக் காட்டத்தான் அவள் இதைச் செய்தது. கரோட்டினாய்டு என்ற அந்த நிறமி கோடை முழுக்க இலைக்குள்தான் இருக்கிறது, பச்சையம் அதை மூடிக்கொண்டிருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையில் இருக்கிற நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைச் சில மரங்கள் இலை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் சர்க்கரையிலிருந்து புதிதாகச் செய்கின்றன. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் மாறிமாறி வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி வழியை அடைத்ததும் இலை தானே கழன்று விழுகிறது. அக்கா இதை எனக்குச் சொல்லித்தந்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். இப்போது சின்னவளுக்குச் சொல்லித்தந்தது பெரியவன். எங்களிடம் ஒரு வாக்கியம்கூடச் சேர்த்துப் பேசாதவன், அவளிடம் அரை மணி நேரம் பேசினான். மஞ்சள் கோடு தெரிந்ததும் இவள் ‘பெரியம்மா சொன்ன மஞ்சள்! இருக்கு!’ என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தாள் காய்ந்ததும் தேதி போட்டு அந்த நோட்டில் ஒட்டினார்கள். இதில் யாரும் தத்துவம் தேட வேண்டாம். அக்காவுக்கு இலையை வைத்துத் தத்துவம் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். நாள்கள் வேகமாகச் சுருங்குவது செப்டம்பர் 22, 23 தேதிகளை ஒட்டித்தான், நான் சொல்வது பூமியின் வட பாதியில். தென் பாதியில் இருப்பவர்கள் மார்ச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைவதாலேயே சிலருக்கு மனச்சோர்வு வரும் என்பதை நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1984-இல் விவரித்து எழுதினார்கள். துக்க நாளும் அதே பருவத்தில் வந்தால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. நினைவுநாளுக்குப் பல நாள் முன்பிருந்தே எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல், தூக்கமின்மை. காலண்டரைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே போய் நடந்தது எனக்கு உதவியது. எல்லோருக்கும் உதவுமா என்றால், தெரிந்த டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டிய துக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் துக்கத்தின் கூர்மை குறைகிறது. சிலருக்குக் குறையாமலே நிற்கிறது. அன்றாட வேலை எதையும் செய்யவிடாமல், அந்த ஏக்கமே நாள் முழுக்க ஆளை அழுத்திக்கொண்டிருந்தால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு குறைந்தது ஆறு மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டுக்கு 2022-இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம், பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்று இருக்கிறது. அதற்கென்று சிகிச்சையும் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இந்த மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, இரண்டு பதிப்பிலும் போனவரைப் பற்றிப் பேசுவதும், அவர் நோட்டில் எழுதுவதும், பிறந்தநாளில் அவர் திட்டைச் சொல்லிச் சிரிப்பதும் நோய் என்று எங்கேயும் போடவில்லை.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ போயிருக்கலாம், அவருக்கு ஒளித்து வைத்ததுதான் கைகொடுத்திருக்கலாம். பொருட்களைப் பார்க்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பார் பார் என்று யாரும் சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அக்காவின் அறைக்குள் தனியாகப் போகமாட்டார். போகவேண்டாம். அதைப் பெரியவர் ஒருவர் தனக்காக முடிவு செய்துகொள்வது வேறு, பிள்ளைகளுக்கு விதியாகப் போடுவது வேறு. நீங்கள் அச்சில் போடும்போது இரண்டாவதாகிவிடுகிறது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரில் அடுத்து எழுதுவது யாராக இருந்தாலும், பிள்ளைகளோடு வேலை செய்கிற மனநல ஆலோசகர் ஒருவரையும், வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியை ஒருவரையும் எழுதவையுங்கள். எங்கள் ஆசிரியையே நன்றாக எழுதுவார். அவர் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை, நீங்கள் கேட்டால் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது. இடம் போதவில்லை என்றால் ஃபிராய்டை வெட்டுங்கள், கார் சீட்டை வெட்டுங்கள், பிறந்தநாளையும் வேண்டுமானால் பாதியாக்குங்கள். படம் அழித்த பத்தியை மட்டும் முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி